முட்டிக்குக் கீழே அகலம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் நேற்று வந்து சேர்ந்தது. சாம்பல் நிறத்தில் ஒன்று, காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று. இரண்டு பேண்டும் நன்றாக இருக்கின்றன. கனமான துணி, இவ்வளவு தூரம் வந்தும் மடிப்புக் கலையவில்லை. காஜா எடுத்தது உன் தையல் பட்டறைத் தோழிதானே? இம்முறை பொத்தான் சுலபமாக நுழைகிறது. போன தடவை கல்லூரிக் கழிப்பறையில் நின்றுகொண்டு பொத்தானோடு மல்லுக்கட்டினேன், அவரிடம் சொல்லாதே.

இடுப்பு மட்டும் லேசாகப் பிடிக்கிறது. துணி சுருங்கியிருக்கலாம். அடுத்த தடவைக்கு அளவு: இடுப்பு முப்பத்து நான்கு. நீளம் பழையபடிதான், நாற்பது வயதுக்கு மேல் இனி வளர மாட்டேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. முதலாம் ஆண்டுப் பையன்களுக்கு இந்த வருஷமும் நான்தான் கணக்கு. புது நூலகர் வந்திருக்கிறார் என்று எழுதினேனா? வந்த வாரமே எல்லா அலமாரிகளையும் ஜன்னல் வெளிச்சம் விழுகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டார். நூலகருக்குக் கணக்கும் ஓரளவு தெரிகிறது. போன வாரம் மழையில் மாட்டிக்கொண்டேன், நூலகர்தான் குடை கொடுத்தார். குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனால், நூலகர் நல்ல மனுஷி, உட்காரச் சொல்லிப் பேசினார்.

இன்னொரு விஷயம். பெரிதாக ஒன்றுமில்லை. சைக்கிள் சங்கிலியில் பேண்டின் கால் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது. நடுரோட்டில் ஒருநாள் சைக்கிளோடு சாய்ந்தேன். அடுத்த தடவை முட்டிக்குக் கீழே அகலத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா? கொஞ்சம் போதும். நிறையக் குறைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சங்கிலிக்காகத்தான் சொல்கிறேன்.

உன் நெட்டை


ஜூன் 11

நெட்டைக்கு,

துணி சுருங்கவில்லை. தண்ணீரில் நனைத்துக் காயவைக்காமல் நான் எந்தத் துணியிலும் கத்தரி வைத்ததில்லை. சுருங்காத துணி பிடிக்கிறது என்றால் போட்டவன் பெருத்திருக்கிறான்.

நீ வேலைக்குப் போனபோது இடுப்பு முப்பது. மஞ்சள் காமாலை வந்தபோது, "லேசான காய்ச்சல், இப்போது பரவாயில்லை" என்று எழுதினாய். அந்த வருஷம் அளவு இருபத்தெட்டு என்று வந்தது, அதைப் பார்த்துத்தான் உண்மை தெரிந்து நான் ரயில் ஏறி வந்தேன். அதற்குப் பிறகு நீ முப்பத்திரண்டைத் தாண்டியதே இல்லை. உன் சமையலைச் சாப்பிட்டு யாரும் இரண்டு அங்குலம் கூட மாட்டார்கள்டா. நீ வளர்த்த பூனையே இளைத்துப்போய் அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டது. யாரோ உனக்கு டப்பாவில் சோறு கட்டிக் கொண்டுவந்து தருகிறார்கள். ஒரு பக்கக் கடிதத்தில் எத்தனை தடவைடா நூலகர்? எனக்கென்ன காது குத்துகிறாயா?

அதைப் பற்றிச் சந்தோஷம்தான். அவள் யார், என்ன என்று ஒழுங்காக எழுது.

ஆனால் அகலத்தைக் குறைக்கச் சொன்னாயே, அது எனக்குச் சுருக்கென்று இருந்தது. அதே சைக்கிள், அதே சங்கிலி, இத்தனை வருஷமும் மாட்டாத கால் இப்போது மட்டும் எப்படி மாட்டும்? அம்மா போன அடுத்த வருஷம், பெல்பாட்டம் வாங்கிக் கொடுத்தால்தான் ஆச்சு என்று நீ சாப்பிடாமல் கிடந்தாய். கடையில் வாங்க நமக்கு வக்கில்லை. பட்டறையில் மிஞ்சின ஆஸ்பத்திரித் திரைத்துணி, பச்சை நிறம், அதில்தான் உனக்கு முதல் பேண்ட் தைத்தேன். என் கையால் நான் முழுதாகத் தைத்த முதல் உடுப்பும் அதுதான். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நீ நடந்த நடை இருக்கிறதே, ராஜா தோற்றான். அந்த முகத்தை நினைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் அந்த அகலத்தை வெட்டுகிறேன். அது உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். சங்கிலியை ஏன் இழுக்கிறாய்?

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் எதையும் மறைக்க முடியாது என்று தெரிந்தும் மறைக்கப் பார்த்தேன், என் தப்பு.

ஆமாம், நூலகர்தான். என்னைவிட மூன்று வயது சின்னவர். புருஷன் தவறிப்போய்ப் பல வருஷம் ஆகிறது, குழந்தைகள் இல்லை. அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் சிரிக்க ஆரம்பித்தால் நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்ற பலகையே வெட்கப்படும். செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். விருந்து, மேளதாளம் எதுவும் இல்லை. அவர் தரப்பில் ஒரு அண்ணன் வருவார். என் தரப்பில் நீ மட்டும்தான். நீ வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேறு யாரும் இல்லை, வேறு யாரும் வேண்டாம்.

பேண்ட் விஷயத்தில் நீ தப்பாக எடுத்துக்கொண்டாய். எனக்கு அகலம் பிடிக்காமல் என்ன? சின்ன வயதிலிருந்து பிடித்ததுதானே. சங்கிலிக்காக மட்டும்தான் சொன்னேன். கிளிப் வாங்கிவிடுகிறேன். நீ எப்போதும் போல வெட்டு. எழுதியதை மறந்துவிடு.

உன் நெட்டை


ஜூலை 2

நெட்டைக்கு,

நேற்று மத்தியானம் பட்டறையில் மின்சாரம் போய்விட்டது. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். காஜாக்காரி பஸ்ஸுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். எனக்குத்தான் பஸ்ஸே கிடையாதே. வீடு பட்டறைக்குப் பின்னால், கடை பட்டறைக்கு முன்னால், அதற்குள் என் உலகம் முடிந்தது. உன் கடிதம் மனசை அரித்துக்கொண்டிருந்ததால் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் அவளோடு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து போகிற வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். காஜாக்காரி, "என்னக்கா, யாரையாவது தேடுறீங்களா?" என்றாள்.

"இல்ல, காலைப் பாக்கறேன்."

"யாரு காலை?"

"எல்லார் காலையும்."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் கேட்டேன், "ஏண்டி, இப்பல்லாம் ஆம்பளைங்க யாரும் அகலமாப் போடறதில்லையா?"

"அகலமாவா? பெல்பாட்டமா? அது செத்து எத்தனை காலமாச்சு! நான் கல்யாணம் பண்ணினப்பவே போயிடுச்சுக்கா. என் மூத்தவனுக்கு மீசையே முளைச்சாச்சு."

"அப்ப என் தம்பி பேண்டுக்கு வருஷா வருஷம் காஜா எடுக்கறியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவருக்கு அதான் இஷ்டம்போலன்னு நெனச்சேன். நமக்கெதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

பஸ் வந்து அவள் போய்விட்டாள். நான் இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். ஒருத்தன் கால்கூட அகலமாக இல்லை. எல்லாம் குழாய். எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நினைக்கிறாயா? நான் வெட்டுவது ஆஸ்பத்திரிச் சீருடை. வார்டு ஆள், நர்ஸ், டாக்டர் கோட்டு. நான் சேர்ந்த நாளில் என்ன அளவோ அதே அளவுதான் இன்றும். எனக்குத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் வெள்ளையும் நீலமும் போட்டவர்கள். உன் காமாலைக்கு ரயிலில் வந்தபோதும் இருந்த கவலையில் யார் காலையும் பார்க்கவில்லை. வெளியே உலகம் காலைச் சுருக்கிக்கொண்டது என்று யார் வந்து என்னிடம் சொல்வார்கள்? நீதான் சொல்லியிருக்க வேண்டும்.

நீ அந்தத் தெருவில், அந்தக் கல்லூரியில், அத்தனை குழாய்களுக்கு நடுவில் ஒருத்தனாக இத்தனை வருஷம் அகலமாக நடந்திருக்கிறாய். ஊரே பார்த்துச் சிரித்திருக்குமே. உண்மையைச் சொல். சிரித்தார்களா இல்லையா?

செப்டம்பருக்கு நான் வரவில்லை. அவள் படித்த பெண். என்னைப் பார்த்ததும், இவங்கதானா அதைத் தைச்சது என்று நினைப்பாள். வாயால் சொல்ல மாட்டாள், ஆனால் நினைப்பாள். நான் எந்த முகத்தோடு வந்து நிற்பேன்?

அக்கா


ஜூலை 9

அக்கா,

சிரித்தார்கள். நீ உண்மை கேட்டதால் சொல்கிறேன்.

பையன்கள் எனக்கு வைத்த பேர் 'பெருக்கல் சார்'. நான் கணக்கு வாத்தியார் என்பது ஒரு காரணம், என் பேண்ட் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டே வருகிறது என்பது இன்னொரு காரணம். நல்ல பேர்தான், நான் மாணவனாக இருந்தாலும் அதைத்தான் வைத்திருப்பேன்.

எப்போது மாறியது தெரியுமா? நான் கல்லூரியில் படித்த இரண்டாம் வருஷக் கோடை விடுமுறையில். விடுமுறைக்கு முன்னால் எல்லாரும் அகலம். திரும்பி வந்து பார்த்தால் எல்லாரும் குழாய். ஒரு பயலும் எனக்குத் தகவல் சொல்லவில்லை. எல்லாரும் எங்கேயோ கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி இருந்தது. அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் உன் பார்சல் வந்துவிட்டது. பட்டறை வேலை முடித்து, கண் எரிய எரிய நீ தைத்தது என்று எனக்குத் தெரியும். பேனாவை மூடி வைத்துவிட்டேன். அடுத்த வருஷம் சொல்லலாம் என்று நினைத்தேன், அடுத்த வருஷம் அதற்கடுத்த வருஷம் சொல்லலாம் என்று நினைத்தேன், அப்படியே போய்விட்டது.

உனக்காகத் தியாகம் செய்தேன் என்று மட்டும் நினைத்து அழாதே. எனக்குப் பிடிக்காமல் போனது அகலம்தான், பேண்ட் இல்லை. யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும், கூடவே இன்னொன்றும் தோன்றும்: இவனுங்க போட்டிருக்கிறதெல்லாம் யாருக்கோ தைச்சது, நான் போட்டிருக்கிறது எனக்கென்றே தைத்தது. அம்மா போன பிறகு என் உடம்பு இளைத்ததா பெருத்ததா என்று கவலைப்பட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவள் தைத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

நடுவில் ஒருதரம் உனக்குத் தெரியாமல் கடையில் ஒரு குழாய் வாங்கினேன். இந்த ஜனவரியில்தான். ஆசிரியர் கூட்டத்தில் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். பின்பக்கத் தையல் டர்ரென்று விட்டது. கூட்டமே திரும்பிப் பார்த்தது. நூலகர் எழுந்து வந்து, கையிலிருந்த பெரிய அட்லஸைக் கொடுத்து, "இதப் பின்னாடி பிடிச்சுக்கிட்டு நேரா போங்க சார், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றார். உலக வரைபடத்தை முதுகுக்குக் கீழே பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். அட்லஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் பேச ஆரம்பித்தோம். குடையெல்லாம் அப்புறம்.

வரமாட்டேன் என்று மட்டும் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் நெட்டை


ஜூலை 24

நெட்டைக்கு,

இத்தோடு மூன்று பேண்ட் அனுப்பியிருக்கிறேன். மூன்றும் குழாய். தெருவில் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அளவு பிடித்தேன். காஜாக்காரி தன் மகனைக் கூட்டிவந்து நிற்கவைத்தாள், அவன் காலிலும் டேப்பு வைத்துப் பார்த்தேன். பழைய மாதிரித்தாளை முட்டிக்குக் கீழே வெட்டி எறிந்துவிட்டேன், இனி அந்த அகலம் தைக்க நினைத்தாலும் முடியாது.

கடைக்காரன் பின்தையலில் ஒற்றை ஓட்டு ஓட்டியிருப்பான், அதுதான் விட்டது. நான் இரட்டை அடித்திருக்கிறேன். அட்லஸ் தேவைப்படாது.

அவள் கெட்டிக்காரி. எனக்குப் பிடித்திருக்கிறது. நன்றாக இருங்கள்.

நான் வரவில்லை. கோபம் எதுவும் இல்லை, கோபம் இருந்தால் தைத்திருப்பேனா? பட்டறையில் வேலை நிறைய இருக்கிறது. எனக்குப் போட்டுக்கொண்டு வர ஒழுங்கான உடுப்பு இல்லை என்பதும் உண்மை. வேலைக் கோட்டு இரண்டு, வீட்டுக்குப் போடுகிற கவுன் நான்கு. என்னை விட்டுவிடு.

அக்கா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததைக் கேள். சிரிக்காமல் படிக்க முடிந்தால் படி.

பேண்ட் மூன்றும் கச்சிதம். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே யாரோ போல இருந்தது. பழைய பெல்பாட்டம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, எங்கள் கல்லூரி வாசல் காவலாளி கேட்டார் என்று அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவரும் என் உயரம்தான். திங்கட்கிழமை குழாயைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வகுப்புக்குள் நுழைந்தேன். இனி எவன் பெருக்கல் என்று சொல்வான் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

வகுப்பில் முன்வரிசையில் மூன்று பையன்கள். மூன்று பேரும் பெல்பாட்டம்.

என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. சரியாக முட்டிக்குக் கீழே விரிந்து, செருப்பை மூடி, தரையைத் தொட்டுக்கொண்டு. மறுநாள் ஏழெட்டுப் பேர். இந்த வாரம் பாதி வகுப்பு. மறுபடி எங்கேயோ கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள், இந்தத் தடவையும் எனக்குத் தகவல் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் நான் தனியாகக் காத்துக்கொண்டிருந்த பஸ், நான் எழுந்துபோன மறுநிமிஷம் வந்து நிற்கிறது.

ஒருவன் எழுந்து, "சார், உங்க பழைய பேண்டெல்லாம் எந்தக் கடையில தைச்சது? கடையில விக்கறது எதுவும் அந்த மாதிரி விழ மாட்டேங்குது சார்" என்றான். எங்கள் அக்கா தைத்தது என்றேன். "அதைப் போய் ஏன் சார் விட்டீங்க?" என்று வகுப்பே என்னைத் திட்டியது. இப்போது எங்கள் கல்லூரியிலேயே மிக நாகரிகமான மனிதர் வாசல் காவலாளிதான். இடைவேளையில் அவரைச் சுற்றிப் பையன்கள் நிற்கிறார்கள். அவர் ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டு சாய்ந்து நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

நூலகரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அக்கா தைச்சதப் பாத்து நான் சிரிக்கலன்னு எழுதிடாதீங்க, அது பொய். முத நாள் பாத்துட்டு அலமாரிக்குப் பின்னாடி போயி நல்லாச் சிரிச்சேன். அப்புறம் இது யாரு தைச்சதுன்னு கேட்டேன், நீங்க சொன்னீங்க. அன்னிக்கு ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். ஊரே சிரிச்சாலும் அக்கா மனசு நோகக் கூடாதுன்னு போட்டுட்டு வர்ற ஆளு, நாளைக்கு எனக்குப் பல்லு போயி தலை நரைச்சா மூஞ்சியச் சுளிக்க மாட்டாருன்னு தோணுச்சு. அதனாலதான் சரின்னு சொன்னேன். அவங்க வரலன்னா நானும் வரல."

ஆக, நீ வராவிட்டால் மணப்பெண்ணும் இல்லை. நான் அங்கே மேஜைக்கு முன்னால் தனியாக, குழாயோடு நிற்க வேண்டியதுதான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடக் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும் அக்கா. ஒழுங்கான உடுப்பு இல்லை என்பதெல்லாம் ஒரு காரணமா? வேலைக் கோட்டோடு வா. டாக்டர் வந்திருக்கிறார் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

உன் நெட்டை


ஆகஸ்ட் 17

அன்புள்ள நெட்டைக்கும், அட்லஸ் கொடுத்த மகராசிக்கும்,

கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். காவலாளி காலை முன்னால் வைத்து நிற்கிற இடத்தில் எனக்குப் புரையேறிவிட்டது. காஜாக்காரி பிடுங்கிக்கொண்டு போய்ச் சத்தமாகப் படித்தாள். மிஷின் எல்லாம் நின்றுவிட்டது. படித்து முடித்ததும் அவள்தான் முதலாளியிடம் போய், "அக்காவுக்கு ஒரு வாரம் லீவு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு லீவுன்னு ஒண்ணு இருக்கறதே இப்பதான் தெரியுது" என்றார்.

வருகிறேன். பதிவுக்கு நாலு நாள் முன்னாலேயே வருகிறேன். ரயிலடிக்கு நீ மட்டும் வர வேண்டாம், அவளும் வர வேண்டும்.

அம்மா மகராசி, உன்னிடம் நேராகவே சொல்கிறேன். நீ சிரித்தேன் என்று சொன்னாய் பார், அதில்தான் எனக்கு உயிர் வந்தது. சிரிக்கவே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். உன் முன்னால் எனக்கு இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. என் தம்பியை நீ பார்த்துக்கொள்வாய். நான் இனி அவன் இடுப்பு அளவைக் கேட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை, ஆனாலும் கேட்பேன், நீ தப்பாக நினைக்கக் கூடாது.

ஒரு உதவி வேண்டும். இவன் பேண்டைத் தவிர நான் இதுவரை வெட்டிய எந்த உடுப்புக்கும் வருஷம் கிடையாது. ஆஸ்பத்திரி வெள்ளை போன வருஷமும் அதே, அடுத்த வருஷமும் அதே. எனக்கு நானே தைத்துக்கொள்கிற கவுனும் அப்படித்தான், கழுத்துவரை மூடி, முழங்கைவரை கை. என்னிடம் இருக்கிற நாலைந்து போட்டோவில் எது எந்தக் காலத்தில் எடுத்தது என்று என் தலைநரையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவன் பெல்பாட்டம் போட்டான், அது வந்தது, போனது, திரும்ப வந்தது. சிரிப்பாவது கிடைத்தது அவனுக்கு. என்னை யாரும் பார்த்துச் சிரித்ததும் இல்லை, அழகாக இருக்கு என்று சொன்னதும் இல்லை.

அதனால் இந்தத் தடவை எனக்கு நான் தைக்கப்போவதில்லை. வந்ததும் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போ. இப்போது பெண்கள் எதை முண்டியடித்துக்கொண்டு வாங்குகிறார்களோ அதை எனக்கு எடு. கை பலூன் மாதிரி உப்பியிருந்தாலும் சரி, கழுத்து எப்படி இருந்தாலும் சரி, கண்ணைப் பறிக்கிற நிறமாக இருந்தாலும் சரி. தையல் எப்படி இருக்கிறது என்று உள்பக்கம் திருப்பிப் பார்க்க மாட்டேன், சத்தியம். எவ்வளவு நாள் உழைக்கும் என்று கடைக்காரனிடம் கேட்கவும் மாட்டேன்.

சீக்கிரம் பழசாகப்போகிறதாகவே பார்த்து எடு. அதைப் போட்டுக்கொண்டு உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்தப் போட்டோவைப் பார்த்து நாம் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும்.

அக்கா